பாசிமாலை போடும் நாளில் ஸ்டோல் எங்கே போகும்?

கோவை சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு பெண் கேட்ட கேள்வி இது. கண்காட்சியில் கைவேலைப் பாசிமாலை மூன்று, பிரேஸ்லெட் இரண்டு, பெரிய தொங்கட்டான் ஒரு ஜோடி வாங்கியிருக்கிறார். ஸ்டோல், ஸ்கார்ஃப் என்று ஆறேழு ஏற்கெனவே வீட்டில் இருக்கின்றன. “தனித்தனியா எடுத்துப் பார்த்தா எல்லாமே அழகா இருக்குதுங்க. போட்டுட்டுக் கண்ணாடி முன்னால நின்னா வேஷம் கட்டின மாதிரி இருக்குது. அம்மா வேற, ‘ஏன் அம்மணி, கழுத்துல பாதிக் கடையத் தொங்கவுட்டுட்டுப் போறயா?’ன்னு கேக்கறாங்க. ஆவணியில சித்தப்பா பொண்ணு கல்யாணம். ரிசப்ஷனுக்குத் தங்கம் போடாம இதுல ஒண்ணப் போடலாமா? எதை எதோட போடறதுங்க்கா?”

சொல்கிறேன், அம்மணி. நான் பெருந்துறைப் பக்கம். ஆறு வருஷம் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவள். கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டிலிருந்தே சேலைக்குக் குச்சுக் கட்ட ஆரம்பித்து, அந்த வழியில் பாசி கோர்க்க வந்தேன். இப்போது பதினெட்டு வருஷம் ஆகிறது. உங்கள் அம்மாவின் கண்ணில் பட்டது உண்மைதான். மாலையிலும் கோளாறு இல்லை, ஸ்டோலிலும் கோளாறு இல்லை. கழுத்தில் ஒரு ஆள்தான் உட்கார முடியும். நீங்கள் இரண்டு பேரை உட்கார வைத்திருக்கிறீர்கள்.

கைவேலை மாலையின் அழகில் முக்கால்வாசி அதன் விழுகையில் இருக்கிறது. கடையில் அட்டையில் குத்தி வைத்திருக்கும்போது இது தெரியாது. கழுத்தில் போட்டதும் மணிகளின் கனம் நூலை இழுத்து, கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு வளைவு விழும். ஸ்டோலை இரண்டு பக்கமும் தொங்கவிட்டால் அதே இடத்தில் நெட்டுக்கு இரண்டு கோடு விழுகிறது. வளைவின் இரண்டு ஓரமும் துணிக்கடியில் போய்விடும், நடுவில் நாலு மணி மட்டும் எட்டிப் பார்க்கும். பார்க்கிறவர்களுக்கு அது மாலை என்றே தெரியாது. துணியில் என்னவோ சிக்கியிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். அதனால் மாலை போடுகிற நாளில் ஸ்டோல் கழுத்தை விட்டு இறங்க வேண்டும். ஒற்றைத் தோளில் போடலாம், இடுப்பில் கட்டலாம், கொண்டையில் சுற்றலாம், பையின் கைப்பிடியில் முடியலாம். ஸ்டோல் கழுத்தில் இருக்கிற நாளில் பாசி காதுக்கும் மணிக்கட்டுக்கும் போய்விட வேண்டும். இதைச் செய்தாலே உங்கள் சிக்கலில் பாதி தீரும். மீதிப் பாதி நீளத்தில் இருக்கிறது.

நீளத்தைக் கண்டுபிடிக்க ஒரு வெள்ளை நூல் போதும். எந்தக் குர்தி, எந்த ரவிக்கை போடப் போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நில்லுங்கள். நூலைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, பின்னால் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் நூல் காணாமல் போகும். துணியின் கழுத்து விளிம்பும் நூலும் ஒன்றாகிவிடும் இடம் அது. மாலை அங்கே நிற்கவே கூடாது. விளிம்புக்கு இரண்டு விரற்கடை மேலே, தோலின் மேல் நிற்கட்டும். இல்லாவிட்டால் நாலு விரற்கடையாவது கீழே இறங்கித் துணியின் மேல் விழட்டும். கண்ணுக்குப் பிடித்த இடத்தில் முடிச்சுப் போட்டு, நூலை எடுத்து டேப்பில் அளந்து, அந்த எண்ணை போனில் குறித்து வையுங்கள். என்னிடம் வருகிற பெண்களில் நிறையப் பேருக்கு 16 அங்குலம் கழுத்தெலும்பில் நிற்கும், 18 அதற்குச் சற்றுக் கீழே, 24 நெஞ்சுக்கு நடுவில், 30-ஐத் தாண்டினால் ஆரம். ஆனால் கழுத்துச் சுற்றளவு ஆளுக்கு ஆள் மாறும். அட்டையில் போட்டிருக்கும் எண்ணை விட உங்கள் நூல் சொல்வதுதான் சரி. வாங்கின மாலை ஓரிரு அங்குலம் குட்டையாக இருந்தால் பின்னால் ஒரு சின்னச் சங்கிலி சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிஷ வேலை. நீளமாக இருந்தால் குறைக்கலாம், அதற்கு மாலையைப் பிரித்துக் கோர்க்க வேண்டியிருக்கும்.

கழுத்து வடிவம் பற்றிப் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. வி நெக்கில் கீழே பதக்கம் இறங்கும் மாலை அந்த முக்கோணத்துக்குள் அழகாக உட்காரும். வட்டக் கழுத்தில் குட்டையான, வட்டமான மாலை. போட் நெக்கிலும் காலர் வைத்த குர்தியிலும் தோல் தெரியாது, அதனால் 26, 28 அங்குலத்துக்குக் குறையாத நீளமாலை ஒன்றே ஒன்று. குட்டை மாலை போட்டால் துணியை நெரிக்கிற மாதிரி இருக்கும். கழுத்தில் எம்பிராய்டரியோ கண்ணாடி வேலையோ இருந்தால் மாலையே வேண்டாம். அங்கே துணி ஏற்கெனவே மாலை போட்டிருக்கிறது.

தாலிக்கொடி போட்டிருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கொடியும் பாசிமாலையும் ஒரே நீளத்தில் இருந்தால் மத்தியானத்துக்குள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும், அவிழ்ப்பதற்குள் நூல் தேய்ந்துவிடும். கொடியைத் துணிக்கு உள்ளே விடுங்கள். வெளியே தெரிய வேண்டும் என்றால் பாசிமாலை அதைவிட நாலைந்து அங்குலம் குட்டையாக இருக்கட்டும். ஏற்கெனவே பின்னிக்கொண்டால் இழுக்காதீர்கள். மேசையில் பரப்பி, ஊசியின் மழுங்கிய முனையால் சங்கிலியை மட்டும் நகர்த்தினால் வந்துவிடும்.

இனிக் கனம். கண்ணாடி தண்ணீரை விட இரண்டரை மடங்கு கனம், பித்தளை எட்டு மடங்குக்கும் மேல், மரமணியோ தண்ணீரில் மிதக்கும். கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிகிற மூன்று மாலைகள் கழுத்துக்கு ஒரே மாதிரி இருக்காது. ஆபீசில் எட்டு மணி நேரம் கம்ப்யூட்டரைப் பார்த்துக் குனிந்திருக்கிறவர் பித்தளை மணி மாலை போட்டால் சாயந்திரம் பிடரி வலிக்கும். வேலை நாளுக்கு மரமணியும் சன்னமான கண்ணாடிப் பாசியும்தான் சரி. சன்னப் பாசிக்கு நம்பர் இருக்கிறது. 11 நம்பர் சுமார் 2 மில்லிமீட்டர், 8 நம்பர் சுமார் 3, 6 நம்பர் சுமார் 4. நம்பர் கூடக்கூட மணி சிறியதாகும். நம்மூர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் பிடிபடும், நூல் கவுண்ட் கணக்கும் இப்படித்தானே, 20-ஐ விட 40 சன்னம். 11 நம்பரில் பின்னின பட்டை மாதிரியான மாலை துணியோடு துணியாகப் படியும். 6 நம்பர் தனித்தனி மணியாக நிற்கும். வெறும் நிறத் துணிக்கு அதுதான் நன்றாக இருக்கும்.

வாங்கும்போது என்ன பார்ப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த கண்காட்சியிலும் வாங்கத்தான் போகிறீர்கள். மணியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி சில்லென்று இருக்கும், பிளாஸ்டிக் அப்படி இருக்காது. கொக்கிக்குப் பக்கத்தில் கம்பியை நசுக்கிப் பூட்டியிருக்கும் சின்னக் குழல் இருக்கும், அதன்மேல் விரலை ஓட்டுங்கள். கீறினால் அது உங்கள் கழுத்தையும் கீறும், துணியையும் இழுக்கும். கோரா காட்டன் சேலை கட்டுகிறவர்கள் இதை விடவே கூடாது. கோரப்பட்டும் பருத்தியும் சேர்த்து நெய்த அந்தத் துணியில் ஒரு இழை வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே போகாது. மாலையின் பின்பக்கத்தை ஒரு பழைய துப்பட்டாவின் ஓரத்தில் மெதுவாகத் தேய்த்துப் பார்த்தாலே போதும். இழை சிக்கினால் அந்த மாலையைப் பருத்திக் குர்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிறம் போகுமா என்று பார்க்க, கொக்கிக்குப் பக்கத்து மணி ஒன்றை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். கண்ணாடிக்குள்ளேயே நிறம் இருக்கும் மணி சாயம் விடாது, மேலே பூசின மணி விடும். ஓட்டைக்குள் வெள்ளிப்பூச்சு மின்னுகிற மணிகள் வேர்வையில் நாளாவட்டத்தில் கறுக்கும். அதை ரிசப்ஷன் போன்ற விசேஷங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாலையின் நீளத்தையும் நூலையும் பற்றி நான் அனுபவப்பட்டுத்தான் கற்றேன். எங்கள் பக்கத்து ஊரில் மாரியம்மன் நோம்பிக்கு வள்ளி கும்மி ஆடினார்கள். எல்லோருக்கும் ஒரே நிறச் சேலை, அதற்கு ஒரே மாதிரி நீளமாலை முப்பது கோர்த்துக் கொடுத்தேன். தங்கூசி என்கிற நைலான் நரம்பில், பார்க்க லட்சணமாக, தொப்புள்வரை வருகிற மாலை. கும்மியில் குனிந்து, நிமிர்ந்து, சுற்றித் திரும்பும்போது அது என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. மூன்றாவது பாட்டில் ஒரு மாலை இன்னொரு பெண்ணின் வளையலில் மாட்டி அறுந்தது. வாசல் முழுக்க மணி. எல்லோரும் வெறுங்காலோடு ஆடுகிறார்கள். ஒரு சின்னப் பெண் மணிமேல் மிதித்து வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். அடி ஒன்றும் படவில்லை, ஆனாலும் அன்றைக்கு நான் தூங்கவில்லை. அதற்கப்புறம் ஆடுகிறவர்களுக்கு 15 அங்குலத்துக்கு மேல் கோர்ப்பதில்லை; பின்னால் கயிறு வைத்து இறுக்கிக் கட்டும் அட்டிகைதான். பெரிய மணியாக இருந்தால் ஒவ்வொரு மணிக்கும் நடுவில் ஒரு முடிச்சு. அறுந்தாலும் ஒரு மணிதான் உருளும், மாலை கையில் நிற்கும். இப்படி முடிச்சுப் போடுகிற கைப்பழக்கத்தை எனக்குக் காட்டிக் கொடுத்தது ஈரோடு பஸ் ஸ்டாண்டில் ஊசிமணி, பாசிமணி விற்றுக்கொண்டிருந்த ஒரு நரிக்குறவர் அக்கா. பாசி போட்டால் ‘அவங்க மாதிரி இருக்குது’ என்று சிலர் முகம் சுளிப்பதை நான் கேட்டிருக்கிறேன். அந்தக் கைகளின் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

இப்போது ஸ்டோலுக்கு வருவோம். அதன் முதல் வேலை அழகு அல்ல. எங்கள் அப்பாரு, அதாவது தாத்தாவின் துண்டை நினைத்துக்கொள்கிறேன். வெயிலில் தலைக்கட்டு, வரப்பில் உட்கார விரிப்பு, சந்தையிலிருந்து திரும்பும்போது காய் கட்டிவரும் மூட்டை, வீட்டுக்குப் பெரியவர்கள் வந்தால் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்குகிற மரியாதை. ஒரு துண்டு ஒரு நாளில் எத்தனை இடம் மாறுகிறது பாருங்கள். ஸ்டோலை இப்படிப் பழகினால்தான் அது சும்மா தொங்காமல் உங்களோடு சேரும்.

கோவைக்காரர்களுக்குக் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு ஷிஃபான் தாங்காது, முகத்தில்தான் அடிக்கும். அந்த மாதங்களுக்குக் கொஞ்சம் கனமான பருத்தியோ, மல் என்கிற மெல்லிய பருத்தித் துணியை இரட்டையாக மடித்ததோ வேண்டும். வண்டி ஓட்டும்போது இரண்டு முனையும் உள்ளே சொருகியிருக்க வேண்டும், ஒரு விரல் நீளம்கூட வெளியே பறக்கக் கூடாது. துப்பட்டா சக்கரத்தில் சுற்றி விழுந்தவர்களை நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். ஸ்கூட்டியில் போகிறவர்கள் நீளமான ஸ்டோலை விட 36 அங்குலச் சதுர ஸ்கார்ஃபை மூலைக்கு மூலை மடித்து, முக்கோணத்தை முன்னால் விட்டு, முனைகளைப் பின்னால் கொண்டுபோய் முன்னே முடிந்து உள்ளே தள்ளுவது நல்லது. ஹெல்மெட்டுக்கும் இடைஞ்சல் இருக்காது. ஆபீசுக்குப் போனதும் அதே ஸ்கார்ஃபை அவிழ்த்துப் பையின் கைப்பிடியில் முடிந்துவிட்டு, பையிலிருந்து மாலையை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். வண்டியில் போகும்போதே மாலை போட்டுக்கொண்டால் ஹெல்மெட் வார் அதை நாள்தோறும் தேய்க்கும். தறியிலோ ஓவர்லாக் மிஷினிலோ வேலை செய்கிற பெண்கள் ஷிஃப்ட் முடிகிறவரை மாலையும் வேண்டாம், ஸ்டோலும் வேண்டாம். தோடு ஒன்று போதும்.

குளிர் ஏசியில் உட்கார்ந்திருக்கும்போது ஸ்டோலைத் தோள்களுக்கு மேல் சால்வையாகப் போர்த்தி, முன்பக்கம் திறந்து விடுங்கள். கழுத்து வெளியே தெரிவதால் அன்றைக்கு மாலை போடலாம். இது ஒன்றுதான் நான் சொன்ன விதிக்கு விலக்கு. ஒற்றைத் தோளில் போட்டு இடுப்பில் பெல்ட்டுக்குள் விடுவது வெறும் நிறக் குர்திக்கு எடுப்பாக இருக்கும். அப்போது மாலை குட்டையாக, துணி விழாத பக்கத்துத் தோள் வெறுமையாக இருக்கட்டும். கழுத்தைச் சுற்றி முடிச்சாகப் போட்டுக்கொண்டால் மாலையும் வேண்டாம், தொங்கட்டானும் வேண்டாம். துணி மடிப்பில் தொங்கட்டான் மாட்டிக்கொண்டு காது மடலை இழுக்கும். அன்றைக்குக் காதோடு ஒட்டின பாசித்தோடும், கையில் உங்கள் இரண்டு பிரேஸ்லெட்டும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பெரிய தொங்கட்டானை முடியைத் தூக்கிக் கட்டுகிற நாளில், கழுத்தில் ஒன்றுமே இல்லாமல் போட்டுப் பாருங்கள். அதற்கு வேறு துணை தேவைப்படாது.

ஸ்டோல் புதிதாக வாங்கத் தேவையே இல்லாமலும் போகலாம். ஈரோட்டில் திங்கள் ராத்திரி தொடங்கிச் செவ்வாய் நடக்கிற ஜவுளிச் சந்தையில் மல், ரேயான் எல்லாம் கிடைக்கும். 44 அங்குல அகலத் துணி இரண்டு மீட்டர் எடுத்து, நீளவாக்கில் நடுவில் ஒரு சின்ன வெட்டுப் போட்டுக் கையாலேயே கிழியுங்கள். இழை போகிற போக்கில் நேராகக் கிழியும், 22 அங்குல ஸ்டோல் இரண்டு கிடைக்கும். ஓரத்தைச் சன்னமாக மடித்துத் தைத்தால் ஆயிற்று. திருப்பூர்க்காரர்களுக்கு இன்னொரு வசதி. பனியன் துணியான சிங்கிள் ஜெர்சி வெட்டினாலும் நூல் நூலாகப் பிரியாது, ஓரம் தானாகச் சுருண்டுகொள்ளும். அதனால் தையலே இல்லாமல் வளைய ஸ்கார்ஃப் செய்யலாம். அந்தக் கட்டிங் வேஸ்ட்டில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டை வெட்டி, இரண்டு முனையையும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். கண்முன்னாலேயே உருண்டு கயிறாகிவிடும். பெரிய ஓட்டையுள்ள மரமணிகளை அதில் கோர்த்தால் மாலை தயார், கொக்கிகூட வேண்டாம். தோல் உறுத்தும் என்று கம்பி மாலை போட முடியாதவர்களுக்கு நான் இதைத்தான் செய்து கொடுக்கிறேன்.

இரண்டையும் ஒன்றாகவே போட வேண்டும் என்று ஆசை இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. பாசியைக் கழுத்திலிருந்து எடுத்து ஸ்டோலின் முனையில் வைத்துவிடுங்கள். சேலை முந்தானைக்குக் கட்டுகிற குச்சுதான் இது. ஸ்டோலின் முனையில், முடிச்சுப் போடத் தாராளமாக இருக்கும் நீளத்துக்குக் குறுக்கு இழைகளை உருவி எடுத்துவிட்டால் நெட்டு இழைகள் தொங்கும். பத்துப் பன்னிரண்டு இழையாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் ஊசியால் 6 நம்பர் மணி ஒன்றுக்குள் நுழைத்து, மணிக்குக் கீழே முடிச்சுப் போட வேண்டும். மணி துணி விளிம்போடு ஒட்டி நிற்க வேண்டும், தொங்கினால் ஆடி ஆடி இழையை அறுக்கும். ஒரு முனைக்கு எத்தனை குச்சு வரும் என்பது துணியின் இழை நெருக்கத்தைப் பொறுத்தது. மணிகளின் கனத்தில் துணி நேராக விழும், காற்றிலும் அவ்வளவாகப் பறக்காது. நான் கட்டின முதல் ஸ்டோலில் இரண்டு முனைக்கும் ஒரே எண்ணிக்கை வைக்காமல் விட்டேன், ஒரு பக்கம் இறங்கிக்கொண்டே இருந்தது. எண்ணிக் கட்டுங்கள்.

நிறம் சேர்ப்பதற்கு நான் பார்ப்பது பவானி ஜமக்காளத்தை. சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் கண்ணை உறுத்துவதில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் அகலமாக ஒரு பட்டை இடம் கொடுத்திருப்பார்கள், ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது தொடங்கும். ஆடைக்கும் அப்படிச் செய்யுங்கள். பெரிய இடத்துக்கு ஒரு நிறம், பாசிக்கு ஒரு நிறம். பூப்போட்ட ஸ்டோலாக இருந்தால் அதில் அதிகமாக இருக்கிற நிறத்தில் பாசி எடுக்காதீர்கள், அப்படியே கரைந்துவிடும். அதில் ஒரு ஓரமாக, சின்னக் கோடாகவோ புள்ளியாகவோ இருக்கிற நிறத்தைப் பிடியுங்கள். நெகமம் சேலை போன்ற கட்டமும் கரையும் உள்ள பருத்திக்குப் பல நிற மாலை வேண்டாம், கரையின் நிறத்தில் ஒற்றைச் சரம் போதும். கறுப்பாக இருக்கிறவர்களுக்கு இந்த நிறம் எடுக்காது, அந்த நிறம் எடுக்காது என்று கடையில் சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மயில் நீலமும் மஞ்சளும் பித்தளையும் நம் தோலின் மேல் வருகிற மாதிரி வேறெங்கும் வராது.

கல்மணி ஒன்றே ஒன்று வாங்குவதானால் சூதுபவளம் வாங்குங்கள் என்பேன். காவிச் சிவப்பு, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே தேன் மாதிரி தெரியும். வெள்ளை, கறுப்பு, பச்சை, நீலம் எதோடும் போகும். எங்கள் தாலுகாவில் நொய்யலின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது, பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்கிற ஊர். அங்கே தோண்டியபோது கல்மணி செய்த இடமே கிடைத்தது. பளிங்கு, பெரில், சூதுபவளம், செவ்வந்திக்கல் என்று பல கற்கள். பெரில் பக்கத்தில் படியூரிலேயே கிடைத்தது, சூதுபவளம் வெளியிலிருந்து வந்தது. ஒரே ஈமக்குழியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. எனக்கு அதைவிட மனசில் நின்றது அரைகுறையாக விட்ட மணிகள். உடைத்தெடுத்த நிலையில், தேய்த்த நிலையில், ஓட்டை போடும் முன்பாக என்று ஒவ்வொரு கட்டத்திலும் மணிகள் கிடைத்திருக்கின்றன. மணியில் ஓட்டை போடுவதுதான் இன்றைக்கும் கடினமான வேலை. ஓட்டையின் விளிம்பு கூராக இருந்தால் நூலை அறுத்துவிடும். நல்ல கல்மணியா என்று பார்க்க நான் முதலில் பளபளப்பைப் பார்ப்பதில்லை, ஓட்டைக்குள் ஒரு நூலை விட்டு முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்பேன். நூல் பஞ்சாகத் திரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

பராமரிப்பு சுருக்கமாக. சென்ட், பவுடர் எல்லாம் முடித்த பிறகு மாலை. கழற்றினதும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள், தண்ணீரில் ஊறப்போடாதீர்கள். ஆணியில் தொங்கவிட்டால் நூல் இழுபட்டு மணிகளுக்கு நடுவில் இடைவெளி விழும், படுக்கையாக வையுங்கள். புது ஸ்டோல் சாயம் விட்டால் கல் உப்பில் ஊறவைக்கச் சொல்வார்கள். ஒட்டாமல் மிச்சமிருக்கிற சாயத்தை உப்பு பிடித்து வைக்காது. சாயப்பட்டறையில் செய்வதுபோல் அந்த மிச்சத்தை வெளியேற்றுவதுதான் வழி, தண்ணீர் தெளிவாகிறவரை நாலைந்து தடவை தனியாக அலசுங்கள்.

இனி உங்கள் ரிசப்ஷன். முகூர்த்தத்துக்கு அம்மாவின் மனசுக்காகத் தங்கம் போட்டுக்கொள்ளுங்கள், அதில் விட்டுக்கொடுப்பது தப்பில்லை. ரிசப்ஷனை உங்கள் விருப்பத்துக்குக் கேளுங்கள். சிறுமுகை சாஃப்ட் சில்க் மாதிரி இலேசான பட்டு, சின்னக் கரை, வெறும் உடல். பெரிய ஜரிகைக் கரை என்றால் பாசி தோற்றுவிடும். ரவிக்கைக் கழுத்து கொஞ்சம் இறக்கமாக, வேலைப்பாடு இல்லாமல் தைக்கச் சொல்லுங்கள். மூன்று மாலையில் எது அந்த இடத்தில் இரண்டு விரற்கடை மேலே நிற்கிறதோ அது. நூல் போட்டுப் பார்த்தால் அதுவே சொல்லிவிடும். மணிகளில் பட்டை தீட்டினது இருந்தால் அதை எடுங்கள், மண்டப வெளிச்சத்திலும் போட்டோவிலும் அதுதான் மின்னும். மங்கின மணி பகலுக்குத்தான். காதில் தங்க ஜிமிக்கி இருக்கட்டும். “நகை எங்கே?” என்று கேட்கிற அத்தைக்கும் பெரியம்மாவுக்கும் அது பதில். கையில் ஒரு பக்கம் வளையல், மறுபக்கம் ஒரு பிரேஸ்லெட். ஸ்டோல் மண்டபத்துக்குள் வேண்டாம், வண்டியில் இருக்கட்டும், ராத்திரி திரும்பி வரும்போது போர்த்திக்கொள்ளலாம்.

இரண்டு நாள் முன்னால் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வீட்டில் அரை மணி நேரம் நடமாடுங்கள். பெண் வீட்டுக்காரர் என்றால் பந்தியில் நீங்களும் நிற்க வேண்டியிருக்கும். கையில் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு, இலைக்குப் பரிமாறுகிற மாதிரி நன்றாகக் குனிந்து பாருங்கள். மாலை முன்னால் ஊஞ்சலாடி இலைமேல் வந்தால் பின்கயிற்றை ஓர் அங்குலம் இறுக்கிக் கட்டிவிடுங்கள்.